மார்ச்சில் பொதுத்தேர்வு, மே மாதம் நீட்: பிளஸ் டூ அறிவியல் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2017-இல் தமிழ்நாட்டில் நீட் மூலம் மருத்துவச் சேர்க்கை தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு ஜூன் மாதமும் வகுப்பில் யாராவது ஒருவர் எழுந்து கேட்பார்: "சார், நீட்டுக்குப் படிக்கணுமா, பப்ளிக்குக்குப் படிக்கணுமா?" நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறவன். பாடம் ஒன்றுதான், கேட்கும் விதம்தான் வேறு என்பதே என் பதில். அதைச் சொன்னதும் பிள்ளைகள் முகத்தில் "சார் எப்பவும் இப்படித்தான் சொல்வார்" என்று ஒரு பார்வை வரும். அதனால் ஒரு வருடம் எப்படிப் போகும், எந்த மாதம் எது வந்து காலைப் பிடிக்கும் என்று வரிசையாக எழுதி வைக்கிறேன். தேதிகளுக்கு 2025-ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டேன். உங்கள் வருடத்தில் நாலைந்து நாள் முன்பின் இருக்கும், வரிசை பெரும்பாலும் மாறாது.

முதலில் இரண்டு தேர்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

பொதுத்தேர்வில் இயற்பியலோ வேதியியலோ 100 மதிப்பெண். எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அந்த எழுபதில் ஒரு மதிப்பெண் வினா 15. மீதியெல்லாம் இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் என்று எழுதிக் காட்ட வேண்டியவை. உயிரியலில் தாவரவியலுக்கு 35, விலங்கியலுக்கு 35.

நீட்டில் எழுத ஒன்றும் இல்லை. 180 கேள்வி, 720 மதிப்பெண், மூன்று மணி நேரம். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4, தப்பானால் 1 கழியும். 2021 முதல் 2024 வரை 200 கேள்வி கொடுத்து 180-க்கு விடை கேட்டார்கள், 2022 முதல் 20 நிமிடம் கூடுதலாகவும் கிடைத்தது. 2025-இல் அந்தச் சலுகை போய்விட்டது. பழைய வீடியோக்களில் இன்னும் 200 கேள்விக் கணக்குதான் ஓடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

உயிரியல் மட்டும் 360 மதிப்பெண், அதாவது பாதி. இரண்டு பேர் ஒரே மதிப்பெண் எடுத்தால் முதலில் பார்ப்பதும் உயிரியல் மதிப்பெண்ணைத்தான். என் பாடம் என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

இன்னொன்று. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு மருத்துவச் சேர்க்கையில் மதிப்பே இல்லை என்பது பாதி உண்மை. தரவரிசை நீட்டை வைத்துத்தான். ஆனால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்துப் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 சதவீதம் இருக்க வேண்டும். இந்த மூன்றிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாகத் தேறியிருக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். கிடைக்காவிட்டால் அடுத்து நீங்கள் எட்டிப் பார்க்கிற பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம்., கால்நடை மருத்துவம், வேளாண்மை எல்லாவற்றிலும் தமிழ்நாட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் பேசும். அதை விட்டுவிட்டு நீட்டை மட்டும் பிடிப்பது என்னைக் கேட்டால் அநியாய ரிஸ்க்.

ஜூன் முதல் நவம்பர் வரை: பிளஸ் ஒன் புத்தகத்தைப் பரணில் போடாதீர்கள்

நீட் பாடத்திட்டம் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டும் சேர்ந்தது. இயக்கவியல், வெப்ப இயக்கவியல், வேதிப்பிணைப்பு, மனித உடற்செயலியல், தாவர வகைப்பாடு எல்லாம் பிளஸ் ஒன்னில்தான் இருக்கின்றன. பிளஸ் டூ வந்ததும் பள்ளியில் அவற்றை யாரும் தொடமாட்டார்கள். வாரநாளில் பள்ளிப் பாடம், சனி ஞாயிறில் பிளஸ் ஒன் பாடம் ஒன்று என்று வைத்துக்கொண்டால் நவம்பருக்குள் ஒரு சுற்று வந்துவிடும்.

அடுத்து என்.சி.இ.ஆர்.டி. புத்தகம், அதாவது மத்தியப் பாடத்திட்டப் பாடநூல். நம் பாடநூல் மோசம் என்று சொல்லமாட்டேன், சில இடங்களில் நம்முடையது ஆழமாகவே இருக்கிறது. ஆனால் நீட் உயிரியலில் என்.சி.இ.ஆர்.டி. வரியை அப்படியே எடுத்து ஒரு சொல்லை மட்டும் மாற்றி "சரியா, தவறா" என்று கேட்பார்கள். அதனால் உயிரியலுக்கு மட்டுமாவது அந்தப் புத்தகத்தை வரி வரியாகப் படித்தாக வேண்டும். இயற்பியலுக்கு நம் புத்தகத்தில் கருத்தைப் பிடித்துவிட்டுக் கணக்கு போட்டுப் பழகினால் போதும்.

ஒரே பாடத்தை இரண்டு தேர்வுக்கும் படிப்பது என்றால் என்ன? விலங்கியலில் பரிணாமப் பாடம். பொதுத்தேர்வில் "ஹார்டி-வீன்பெர்க் கொள்கையை விளக்குக" என்று வரும். ஐந்து மதிப்பெண், கொள்கை, சமன்பாடு, எவையெல்லாம் சமநிலையைக் குலைக்கும் என்று எழுதினால் முடிந்தது. நீட்டில் கேட்டால் இப்படி இருக்கும்: ஓர் இனக்கூட்டத்தில் ஒடுங்கு பண்பு வெளிப்பட்டவர்கள் 16 சதவீதம், ஹெட்டிரோசைகஸ் எத்தனை சதவீதம்? 0.16-க்கு வர்க்கமூலம் 0.4. அது ஒடுங்கு அல்லீலின் அளவு. மற்றது 0.6. இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் 0.48, அதாவது 48 சதவீதம். ஐந்து மதிப்பெண் விடையை எழுதிப் பார்த்த கையோடு அதே நோட்டில் அடியில் இந்தக் கணக்கைப் போடுங்கள். கூடுதலாக ஆகும் நேரம் மூன்று நிமிடம். வருடம் முழுக்க இதைத்தான் செய்யச் சொல்கிறேன்.

தமிழ்வழி மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்து வரும். மொழிபெயர்ப்பில் வேறுபாடு இருந்தால் ஆங்கிலமே செல்லும். 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்கு நடந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே வழக்கை நம்பிப் பயனில்லை. நம் பாடநூலில் இருக்கும் கலைச்சொல் நீட் தாளில் வேறு சொல்லாக இருக்கலாம். ஒவ்வொரு பாடத்துக்கும் முக்கியமான நாற்பது ஐம்பது ஆங்கிலச் சொற்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். தமிழ் வரி குழப்பினால் கண் தானாக ஆங்கில வரிக்குப் போகும்.

டிசம்பர், ஜனவரி: காகித வேலை

படிப்பில் நன்றாக இருந்து காகிதத்தில் இடறி விழுந்தவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அரையாண்டு விடுமுறையில் இரண்டு நாள் ஒதுக்கி இதை முடித்துவிடுங்கள்.

பெயர் முதலில். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு பெயர், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். இது நம் ஊருக்கே உரிய தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அதற்கேற்ப ஆதாரை டிசம்பரிலேயே திருத்தி வையுங்கள். பிப்ரவரியில் ஆதார் மையத்தில் வரிசையில் நிற்கும்போது செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருக்கும்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். இங்கேதான் பெரிய பள்ளம். நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மாநிலக் கலந்தாய்வுக்கானது. நீட் விண்ணப்பத்தில் ஓ.பி.சி. என்று போட்டு, அகில இந்திய ஒதுக்கீட்டில் (எல்லா மாநிலத்தாருக்கும் பொதுவான இடங்கள்) ஓ.பி.சி.க்கான 27 சதவீதத்தைக் கேட்க வேண்டுமானால், மத்திய அரசுப் படிவத்தில் கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்ற ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகம் வழியாக வரும். கலந்தாய்வுச் சமயத்தில் நடப்பு நிதியாண்டில் எடுத்ததைக் கேட்பார்கள், எனவே ஏப்ரலுக்குப் பிறகு மறுபடி எடுக்க நேரலாம். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு இந்தத் தொல்லை இல்லை, இருக்கும் சான்றிதழே போதும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-21 முதல் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. நடுவில் பள்ளி மாறியவர்கள் பழைய பள்ளிக்கும் ஒரு நடை போய்ப் படித்த சான்று வாங்கி வையுங்கள். இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நாலு வருடம் முன்னால் ஆட்டோ ஓட்டுபவரின் மகள் ஒருத்தி, எங்கள் பள்ளிக்காரி, இந்த வழியில் போனாள். ஒன்பதாம் வகுப்புப் படித்த பள்ளியில் சான்று வாங்க அவள் அப்பா மூன்று நாள் சவாரியை விட்டுவிட்டு அலைந்தார்.

பிப்ரவரி: விண்ணப்பமும் செய்முறையும் ஒன்றாக வரும்

2025-இல் நீட் விண்ணப்பம் பிப்ரவரி 7-இல் திறந்து மார்ச் 7-இல் மூடியது. பொதுத்தேர்வு தொடங்கியது மார்ச் 3. கடைசி நாள் வரை தள்ளிப்போட்டவர்கள் மொழிப்பாடத் தேர்வு எழுதிவிட்டு வந்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தார்கள். திறந்த முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். கட்டணம் அந்த வருடம் பொதுப்பிரிவுக்கு 1,700 ரூபாய், ஓ.பி.சி. பிரிவுக்கு 1,600, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 1,000.

பிரவுசிங் சென்டரில் போடுவதில் தப்பில்லை, நானே பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். ஆனால் ஒரு வருடம் ஒரு கடையில், அவசரத்துக்கு அவர்களுடைய மின்னஞ்சலையும் போன் நம்பரையும் போட்டு எங்கள் மாணவன் ஒருவனுக்கு விண்ணப்பித்துவிட்டார்கள். ஏப்ரலில் அட்மிட் கார்டு எடுக்கப் பாஸ்வேர்டு தெரியவில்லை. ஓ.டி.பி. கடைக்காரர் போனுக்குப் போகிறது, அவரோ குலதெய்வக் கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டார். பையன் அந்த இரண்டு நாளில் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. உங்கள் வீட்டு நம்பர், உங்கள் பெயரில் மின்னஞ்சல், பாஸ்வேர்டை நோட்டில் எழுதி அம்மாவிடம் ஒரு பிரதி. அந்த நம்பருக்குக் கலந்தாய்வு முடியும் வரை ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது வரைக்கும் அதுதான்.

பாஸ்போர்ட் அளவு போட்டோ, போஸ்ட்கார்டு அளவு போட்டோ இரண்டும் வெள்ளைப் பின்னணியில் ஒரே நாளில் எடுத்து, அதே போட்டோவில் பத்துப் பிரதி போட்டு வையுங்கள். கையெழுத்தும் பத்து விரல் ரேகையும் வெள்ளைத் தாளில் எடுத்து ஸ்கேன் செய்யக் கேட்பார்கள். ஸ்டாம்ப் பேடு மையைக் கொஞ்சமாகத் தொடுங்கள். அப்பினால் ரேகை தெரியாமல் வெறும் கறையாக வரும். தப்பாகப் போட்டுவிட்டால் திருத்த இரண்டு மூன்று நாள் அவகாசம் தருவார்கள். ஆனால் எல்லாப் பகுதியையும் திருத்த விடமாட்டார்கள்.

இதற்கு நடுவில் செய்முறைத் தேர்வு. இருபது மதிப்பெண் கைக்கு வந்துவிடும் என்று அலட்சியமாகப் போவார்கள். வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட்டில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். சொட்டு விழுகிறது, ஊதா வந்து மறைகிறது. மறுபடி சொட்டு. ஒரு சொட்டில் இளஞ்சிவப்பு வந்து மறையாமல் நிற்கிறது. அங்கே கையை எடுக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்குள் எத்தனை நீட் கேள்வி ஒளிந்திருக்கிறது பாருங்கள்: ஏன் தனியாக நிறங்காட்டி சேர்க்கவில்லை? ஏன் கந்தக அமிலம், ஏன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூடாது? அமில ஊடகத்தில் மாங்கனீசு ஏழிலிருந்து எதற்கு இறங்குகிறது? பெர்மாங்கனேட்டே தன்னைக் காட்டிக்கொடுக்கும், ஹைட்ரோகுளோரிக் அமிலம் போட்டால் குளோரைடையும் சேர்த்து ஆக்சிஜனேற்றிக் கணக்கைக் கெடுக்கும், மாங்கனீசு ஏழிலிருந்து இரண்டுக்கு இறங்கும், ஐந்து எலக்ட்ரான். கையால் ஒரு முறை செய்தவனுக்கு இது மறக்காது. இயற்பியலில் மீட்டர் சமனச்சுற்றும் அப்படித்தான். சமன்செய் நீளம் 40 சென்டிமீட்டர், இடதுபக்க மின்தடை 4 ஓம் என்றால் வலதுபக்கம் 6 ஓம். இரண்டையும் இடம் மாற்றினால் சமன்புள்ளி 60-க்குப் போகும். ரெக்கார்டு நோட்டை மட்டும் பார்த்து எழுதியவனுக்கு இந்த இரண்டாவது வரி தோன்றாது.

மார்ச்: பொதுத்தேர்வை மட்டும் பாருங்கள்

இந்த மூன்று வாரம் நீட் மாதிரித் தேர்வு எழுத வேண்டாம். எழுதிப் பழகுங்கள். ஒரு மதிப்பெண் வினாவிலேயே மூழ்கிய பிள்ளைகளுக்கு மார்ச்சில் கை வலிக்கும், ஐந்து மதிப்பெண் விடையை நாலு வரியில் முடித்துவிடுவார்கள். படம் வரைந்து பாகம் குறிப்பது, சமன்பாட்டைத் தனி வரியில் எழுதுவது, அலகு போடுவது இதெல்லாம் மதிப்பெண். தேர்வுகளுக்கு நடுவில் விடுமுறை நாள் நிறையக் கிடைத்தால் உயிரியலில் மட்டும் என்.சி.இ.ஆர்.டி.யைப் புரட்டலாம்.

மார்ச் 25 முதல் மே 4 வரை

2025-இல் பொதுத்தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து நீட்டுக்கு முந்தைய நாள் வரை 39 நாள். மொத்த வருடத்திலும் முழுக்க முழுக்க நீட்டுக்கு என்று கிடைப்பது இவ்வளவுதான். புதிதாக எதையும் தொடங்கக் காணாது. படித்ததைத் திரும்பக் கொண்டுவர இது தாராளம். முதல் இரண்டு நாள் தூங்குங்கள், சினிமா பாருங்கள், நான் எதுவும் கேட்கமாட்டேன்.

மூன்றாம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் முழு மாதிரித் தேர்வு. நேரம் முக்கியம்: மதியம் 2 மணி முதல் 5 மணி வரை. பொதுத்தேர்வு காலை பத்து மணிக்கு. நீட்டோ சாப்பிட்டுக் கண் சொக்கும் நேரத்தில், கத்திரி வெயில் தொடங்கும் வாரத்தில். உடம்புக்கு அந்த நேரத்தில் விழித்திருக்கப் பழக்கம் வேண்டும். ஓ.எம்.ஆர். தாளை நகலெடுத்து வைத்துக்கொண்டு கறுப்புப் பால்பாயின்ட் பேனாவால் வட்டம் நிரப்பிப் பழகுங்கள், ஒரு முறை நிரப்பினால் அழிக்க முடியாது. கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைத்தால் ஒரு வரிசை தவறி எல்லாம் தவறிவிடும். ஒரு பக்கம் முடித்ததும் அந்தப் பக்கத்தை நிரப்பிவிடுங்கள்.

எந்த வரிசையில் எழுதுவது? உயிரியலை முதலில் எடுத்து 50 நிமிடத்துக்குள், அப்புறம் வேதியியல் 50 நிமிடம், மீதி இயற்பியலுக்கு என்றுதான் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். 2025 இயற்பியல் நேரத்தை விழுங்கியது எழுதிய எல்லாருக்கும் தெரியும். முதலில் அதைத் தொட்டவர்கள் தெரிந்த உயிரியல் கேள்வியைக்கூடப் பதற்றத்தில் விட்டார்கள்.

மைனஸ் மார்க் பற்றி ஒரு கணக்கு. தெரியாததைத் தொடாதே என்று எல்லாரும் சொல்வார்கள். நாலு விடையில் கண்ணை மூடி ஒன்றைக் குறித்தால் நாலில் ஒரு தடவை 4 கிடைக்கும், மூன்று தடவை 1 போகும். கூட்டினால் நாலு கேள்விக்கு 1 மதிப்பெண் லாபம். அதாவது ஏறக்குறைய ஒன்றுமில்லை, ராசி சரியில்லை என்றால் நஷ்டம். ஆனால் இரண்டு விடை கண்டிப்பாகத் தப்பு என்று தெரிந்து மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தால், இரண்டு கேள்விக்கு 3 மதிப்பெண் லாபம். ஆகவே ஒன்றும் புரியாத கேள்வியை விடுங்கள், இரண்டைத் தள்ள முடிந்த கேள்வியைக் கட்டாயம் குறியுங்கள். நல்ல பிள்ளைகள்தான் பயந்து பயந்து இருபது கேள்வியை வெறுமனே விட்டுவிட்டு வருவார்கள்.

இந்த நாற்பது நாளில் மனசு படுத்தும். மாதிரித் தேர்வில் 380 வரும், அடுத்ததில் 310 வரும். அது ஏறி இறங்கத்தான் செய்யும். சொந்தக்காரர்கள் போன் செய்தால் அம்மாவை எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் தூக்கமே போய், சாப்பாடு இறங்காமல், நான் இருந்து என்ன பிரயோசனம் என்ற நினைப்பு வந்துவிட்டால் அதை ஒளிக்காதீர்கள். வீட்டிலோ ஒரு டீச்சரிடமோ அன்றைக்கே சொல்லுங்கள். 104 என்ற எண்ணிலும் 14416 என்ற எண்ணிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. பெற்றோர் கவனிக்க ஒன்று: பிள்ளை வழக்கத்தைவிட அமைதியாகிவிட்டால் "நல்லா படிக்கிறான்" என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

தேர்வு நாள்

நுழைவுவாயில் 1.30-க்கு மூடிவிடும். அதற்குப் பிறகு யார் காலில் விழுந்தாலும் திறக்கமாட்டார்கள். மையம் வேறு ஊரில் என்றால் முதல்நாளே போய் இடத்தைப் பார்த்துவிடுங்கள். வெளிர் நிற அரைக்கை உடை, ஷூ வேண்டாம், செருப்பு போதும். நகை, வாட்ச் எல்லாம் வீட்டில். காதில் மூக்கில் இருப்பதை அங்கே போய்க் கழற்ற முடியாமல் அழுத பிள்ளைகள் உண்டு, முந்தின வாரமே கழற்றிப் பாருங்கள். அட்மிட் கார்டு, போஸ்ட்கார்டு போட்டோ ஒட்டிய படிவம், பாஸ்போர்ட் போட்டோ ஒன்று, ஆதார் அசல், லேபிள் இல்லாத தண்ணீர் பாட்டில். பேனா அவர்களே தருவார்கள். மதியச் சாப்பாட்டுக்குத் தயிர்சாதம் மாதிரி லேசாக, பன்னிரண்டு மணிக்குள். வினாத்தாளை வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

அப்புறம்

2025-இல் பிளஸ் டூ முடிவு மே 8, நீட் முடிவு ஜூன் 14. நடுவில் விடைக்குறிப்பும் உங்கள் ஓ.எம்.ஆர். நகலும் வெளியாகும். விடைக்குறிப்பு தப்பென்று உறுதியாகத் தெரிந்தால் ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபம் சொல்லலாம்.

நீட் எழுதியதோடு மருத்துவத்துக்கு விண்ணப்பித்தாகிவிட்டது என்று நினைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. முடிவு வந்த பிறகு இரண்டு இடத்தில் தனித்தனியாகப் பதிய வேண்டும். அரசுக் கல்லூரி இடங்களில் 85 சதவீதத்துக்குச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவத் தேர்வுக்குழு. 69 சதவீத இட ஒதுக்கீடும் 7.5 சதவீதமும் இங்கேதான். மீதி 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவான எம்.சி.சி.யின் இணையதளம். இரண்டிலும் போடுங்கள். கல்லூரி விருப்பப் பட்டியலில் "எனக்குக் கிடைக்காது" என்று நினைத்துப் பெரிய கல்லூரிகளை விட்டுவிடாதீர்கள், மேலே போடுவதால் கீழே இருப்பது பறிபோகாது. உங்களுக்கு எது வேண்டுமோ அந்த வரிசையில் போட்டுவிட்டு லாக் செய்யுங்கள்.

கால்நடை, வேளாண்மை, நர்சிங் விண்ணப்பங்கள் பிளஸ் டூ முடிவை ஒட்டி மே, ஜூன் மாதங்களில் ஒவ்வொன்றாகத் திறக்கும். நீட் முடிவு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் சிலதில் கடைசித் தேதி போய்விடும். மே மாதம் நீட் எழுதிவிட்டு வந்து ஒரு வாரம் ஓய்வெடுத்ததும், அந்தப் பத்து போட்டோவில் மிச்சம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துக்கொண்டு அடுத்த விண்ணப்பத்தை ஆரம்பியுங்கள்.